இந்த மாசத்து நன்றி

தபால்காரர் சைக்கிள் மணியை இரண்டு தடவை அடித்தால் அது பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து அத்தை எழுதும் கடிதம். ஒரு தடவை என்றால் தாத்தாவின் பென்ஷன் விவகாரமாக இருக்கும், இல்லாவிட்டால் கும்பகோணத்துச் சொந்தக்காரர்களின் கார்டாக இருக்கும். அதற்கெல்லாம் யாரும் எழுந்து போகமாட்டார்கள். இரண்டு தடவை மணி அடித்தால் மட்டும் நான் வாசலுக்குப் பறப்பேன். 1973இல் எனக்கு எட்டு வயது. காரைக்காலில், மாதா கோயில் மணி அடித்தால் சமையலறைப் பாத்திரம்கூட அதிர்கிற தூரத்தில் எங்கள் வீடு.

உறையை முதலில் தாத்தாதான் வாங்குவார். மூலையில் ஒட்டியிருக்கும் தபால்தலையில் ஒரு பெண்ணின் முகம். மரியான் என்று பெயர், பிரெஞ்சுக் குடியரசுக்கு அவள்தான் உருவம் என்பார். அந்தப் படத்தின் மேலேயே கறுப்பு மையில் இன்னொரு விலையும், சே எஃப் ஆ என்று மூன்று எழுத்தும் அடித்திருக்கும். பிரான்சில் அச்சான தலையைத் தீவின் பணத்துக்கு விலை திருத்தி விற்றார்கள். அங்கே ஐம்பது ஃபிராங்க் கொடுத்தால்தான் பாரிசின் ஒரு ஃபிராங்க். 1975 பிறந்தபோது தீவும் பிரான்சின் பணத்துக்கே மாறிவிட்டது. அந்தக் கறுப்பு எழுத்துகள் போயின. எனக்கு அதில் பெரிய வருத்தம். அத்தை ஏதோ இன்னும் கொஞ்சம் தூரம் போய்விட்ட மாதிரி இருந்தது.

தாத்தா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்து திரும்பியவர். காரைக்காலும் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர்தான். 1954 நவம்பர் 1இல் இந்தியக் கொடிக்கு மாறியது, 1962 ஆகஸ்ட் 16இல் கைமாற்றத்தின் கடைசிக் காகிதமும் முடிந்தது. அதனால் எங்கள் தெருவில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் கடல் தாண்டி இருந்தார்கள். கடல் தாண்டிய கடிதம் புதிதே இல்லை. ஆனால் அதெல்லாம் ஆண்பிள்ளைகளின் கடிதம். பட்டாளத்திலிருந்தும் பாரிசிலிருந்தும் வருகிறவை. ஒரு பெண், அதுவும் கல்யாணம் ஆகாமல், மிஷன் போன இடத்திலிருந்து எழுதுகிற கடிதம் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் வந்தது.

உடனே பிரிக்கக் கூடாது என்பது ஆயாவின், என் பாட்டியின், சட்டம். கடிதம் மாதா படத்துக்குக் கீழே இருக்கும். சாயங்காலம் கோயில் மணி அடித்து, திரிகால ஜெபம் சொல்லி, விளக்கு வைத்த பிறகு ஆயா கால் கழுவிக்கொண்டு வந்து தாழ்வாரத்தில் உட்காருவாள். தாத்தா பேனாக்கத்தியால் ஓரத்தை நறுக்குவார். வாசிப்பது நான். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. தாத்தாவுக்குத் தெரியும், ஆனால் அவர் வாசித்தால் நடுவில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எட்டு வயதில் எனக்கு அந்த வேலை வந்தது.

அத்தை என் அப்பாவுக்கு நேர் இளையவள். எங்களுக்கு அவள் சிஸ்டர் அத்தை. புதுச்சேரியில் குளுனி சபையில் சேர்ந்தாள். ஆன்மரி ஜவூயே என்ற பிரெஞ்சுக் குடியானவர் வீட்டுப் பெண் 1807இல் தொடங்கிய சபை அது. அந்தக் கன்னியர் ஐரோப்பாவை விட்டு முதன்முதலாகக் கப்பல் ஏறிப் போன இடம் இதே ரெயூனியன்தான். அப்போது அதற்கு பூர்போன் தீவு என்று பெயர். வருஷம் 1817. அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான் புதுச்சேரிக்கு வந்தார்கள். எங்கிருந்தோ வந்து நம் பிள்ளைகளுக்குப் படிப்பும் தையலும் சொல்லிக்கொடுத்தவர்களின் வழியில், நம் வீட்டுப் பெண் ஒருத்தி அவர்கள் முதலில் இறங்கின கரைக்கே போனாள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. அன்றைக்கு அதெல்லாம் தெரியாது.

தெரிந்தது ஆயாவின் கோபம். மடத்துக்குக் கொடுத்ததில் அவளுக்குக் குறை இல்லை. புதுச்சேரி என்றால் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கடலுக்கு அப்பால் என்றதும் மனசு முறிந்துவிட்டது. 1971இல் அத்தை புறப்பட்ட அன்று வீடே பஸ் ஸ்டாண்டுக்குப் போனது, ஆயா வரவில்லை. கொல்லையில் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து கிழங்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அத்தை பின்னாலேயே நின்றாள். "வர்றேன்மா" என்றாள். ஆயா திரும்பவில்லை. செதில் தெறித்து அவள் முன்கையெல்லாம் ஒட்டியிருந்தது. அத்தை குனிந்து ஒரே ஒரு செதிலை நகத்தால் எடுத்துவிட்டுப் போனாள். எனக்கு ஆறு வயது. அது மட்டும் அப்படியே நிற்கிறது.

முதல் ஒரு வருஷம் ஆயா கடிதத்தைக் கேட்பாள், பதில் சொல்லமாட்டாள். தாத்தாதான் எழுதுவார்.

அத்தை இருந்தது தீவின் கிழக்குக் கரையில், கரும்புக்கு நடுவே ஒரு சின்ன மடம். நாலரை மணிக்கு எழுந்திருப்பது, ஜெபம், பூசை, பிறகு மருந்தகம். கரும்பு வெட்டுகிற கத்தி பட்ட கை, காலில் சீழ் வைத்த பிள்ளைகள். மத்தியானம் பெண்களுக்குத் தையல். சாயங்காலம் வீடு வீடாகப் போவது. ஊழியம் என்று சொல்லிக்கொள்கிற மாதிரிப் பெரிதாக எதையும் அவள் எழுதியதில்லை. மனம் திரும்பினவர்கள் இத்தனை பேர் என்று எந்தக் கடிதத்திலும் கணக்கு இல்லை. கறி என்ன, மழை எப்படி, யார் வீட்டில் குழந்தை பிறந்தது, இதுதான்.

அங்கே கறிக்குக் கறி என்றே பேர் என்று எழுதியிருந்தாள். மசாலாவை மசாலே என்கிறார்கள். கீரைக்குப் பொதுப்பெயர் பிரெத். அதில் ஒன்று பிரெத் முரூம். "அம்மா, முரூம் என்றால் என்னவென்று கண்டுபிடியுங்கள்" என்று ஒரு கடிதம் முடிந்திருந்தது. மூன்று வாரம் கழித்து அடுத்த கடிதம் வருகிற வரைக்கும் வீட்டில் இதே பேச்சு. ஆயா மட்டும் கண்டுபிடித்துவிட்டாள், சொல்லவில்லை. ஒருநாள் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே தனக்குத்தானே "முரூம், முரூம்" என்று சொல்லிச் சிரித்ததை நான் பார்த்துவிட்டேன். அவள் கோபத்தில் விழுந்த முதல் கீறல் அதுதான்.

ஆற்றுமுகத்தில் கூடை வைத்துப் பிடிக்கிற பிஷிக் என்ற பொடி மீன், நம்ம சென்னாக்கூனி மாதிரிக் குவியலாக வாங்குவது, ஆனால் விலை தங்கம். கிறிஸ்துமஸ் அங்கே கோடையில். நமக்கு மே மாசம் சிவக்கிற அதே மரம் அங்கே டிசம்பரில் சிவக்கிறது. லிச்சிப் பழம் காய்ப்பதும் அப்போதுதான். ஆனி மாதக் கடிதங்களில் மட்டும் கேள்வி எங்கள் பக்கம் திரும்பும். மாங்கனிக்கு எத்தனை மாங்காய் பிடித்தாய்? காரைக்கால் அம்மையார் உற்சவத்தில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். கீழே ஏந்தி நிற்கிற கூட்டத்தில் எல்லாக் கோயில்காரப் பிள்ளைகளும் இருப்போம். அத்தை சின்ன வயதில் பாவாடையை விரித்துப் பிடித்தால் பழம் தவறாதாம்.

எல்லாம் எழுதி முடித்து அத்தை ஒரு கோடு போடுவாள். கோட்டுக்குக் கீழே "இந்த மாசத்து நன்றி" என்று இருக்கும். அதற்குக் கீழே ஆட்கள்.

மழையில் குடைக்குள் சேர்த்துக்கொண்ட பஸ் டிரைவருக்கு, பேர் கேட்க மறந்துவிட்டேன். நான் பேசுகிற பிரெஞ்சைச் சிரிக்காமல் கேட்டு, தப்பை மட்டும் காதோடு சொன்ன பத்து வயதுச் சிறுமிக்கு. வேலியோரம் முருங்கைக் கீரையை வைத்துவிட்டுக் கூப்பிடாமலே போகிறவருக்கு, யாரென்று இன்னும் தெரியவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது என் முறைக்கும் சேர்த்துப் பாத்திரம் கழுவிய சிஸ்டருக்கு. கையில் மருந்து கட்டும்போது கத்தாமல் இருந்த கிழவருக்கு, அவர் கத்தியிருந்தால் எனக்குக் கை நடுங்கியிருக்கும்.

கடவுளுக்கு நன்றி என்பது தனியாக, கடைசியில், ஒரே வரி. மனிதர்களுக்கு மட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, காரணத்தோடு.

முதல் தடவை வாசித்தபோது ஆயா கேட்டாள். "இவ குடுக்கப் போனாளா, வாங்கப் போனாளா?"

தாத்தா பதில் சொல்லவில்லை. என்னிடம், அந்த இடத்தை மறுபடி வாசி என்றார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. கடிதம் ஒரு தடவை, கோட்டுக்குக் கீழே இருப்பது இரண்டு தடவை. மூன்றாம் மாசமோ நாலாம் மாசமோ, எல்லாம் முடிந்து தாளை மடிக்கப் போகும்போது ஆயா சொன்னாள்.

"பாப்பா, அவளுக்கு எழுது. மீன்காரி ரெண்டு வாரமா காசு கேக்காம குடுத்துட்டுப் போறா. அவளுக்குத் தோத்திரம்னு எழுது."

"தோத்திரம் சாமிக்குத்தானே ஆயா சொல்லுவாங்க?"

"எழுதுடீ."

எழுதினேன். என் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கிழித்த தாள். அதில் மீன்காரி, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்ட பக்கத்து வீட்டு பாத்துமா, பல் வலிக்குக் கிராம்பு கொடுத்த மளிகைக்கடைக்காரர். ஆயாவுக்கு அந்த மூன்று பேரும் போதவில்லை, நாள்பூராவும் யோசித்து மறுநாள் இன்னும் இரண்டு பேரைச் சொன்னாள்.

கீரை வைக்கிறவர் யார் என்பது 1975 வாக்கில் தெரியவந்தது. எண்பதைத் தாண்டிய ஒரு கிழவி. மலபார் என்று அங்கே சொல்கிற தமிழ் வம்சம். தமிழ் தெரியாது. மாரியம்மன் கோயிலுக்கும் போவாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் வருவாள். அவள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி, பெட்டியில் அவளுடைய பாட்டனின் காகிதம். மடித்த இடமெல்லாம் விட்டுப்போன அந்தக் காகிதத்தில் நம்பருக்குப் பக்கத்தில் காரிக்கால் என்று எழுதியிருந்தது. பிரெஞ்சுக்காரர் காரைக்காலை அப்படித்தான் எழுதுவார்கள். புதிதாக வந்த சிஸ்டர் அந்த ஊர் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து கிழவி கீரை வைத்திருக்கிறாள். வந்து பேச வெட்கம். என்ன பேசுவது, எந்த மொழியில்.

அன்றைக்கு ஆயா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லவில்லை. வெகுநேரம் சும்மா இருந்தாள். பிறகு அவளுடைய பாட்டி சொன்னதாகச் சொன்னாள். பஞ்ச காலத்தில் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து ஜனங்கள் கால்நடையாக இங்கே வருவார்களாம். கப்பல் வரும்வரை கொட்டடியில் வைத்துச் சோறு போடுவார்களாம். அந்தச் சோற்றுக்காகவே கைநாட்டு வைத்தவர்கள் உண்டாம். "காரைக்கால்ல ஏறினவங்கல்லாம் காரைக்காலா? எந்த ஊரோ, எந்தத் தெருவோ. கடைசியா மிதிச்ச மண்ணு இது, அவ்வளவுதான்."

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1848 டிசம்பர் 20இல் ரெயூனியனில் அடிமைத்தனம் ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். மர்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும்கூட இங்கிருந்து கப்பல் போனது. கூலிகள் பட்ட பாட்டைப் பார்த்து 1882இல் பிரிட்டிஷ் அரசு ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. வருஷங்களை எல்லாம் நூலகத்தில் கண்டுபிடித்தேன். கொட்டடிச் சோறு எந்தப் புத்தகத்தில் வந்தாலும் எனக்கு ஆயாவின் குரலில்தான் கேட்கும்.

1977 ஏப்ரலில் தீவின் எரிமலை ஊருக்குள் வந்தது. பித்தோன் செந்த் ரோஸ் என்ற ஊரில் நெருப்புக் குழம்பு வீடுகளை விழுங்கிக்கொண்டு போய், கோயில் வாசலில் இரண்டாகப் பிரிந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு உறைந்துவிட்டது. கோயில் நின்றது. அத்தையின் மடத்திலிருந்து தெற்கே அதே கரையில் இருக்கிற ஊர். நான் பூரித்துப் போய்ப் பெரிய குரலில் வாசித்தேன். அத்தை அந்த அற்புதத்துக்கு இரண்டு வரிதான் கொடுத்திருந்தாள். பக்கம் முழுவதும் வீடு போனவர்களைப் பற்றி. கோட்டுக்குக் கீழே, அவர்களுக்குத் திண்ணையும் கட்டிலும் கொடுத்தவர்களின் பெயர். அப்போது அது எனக்கு ஏமாற்றம். இன்றைக்கு அந்தக் கடிதத்துக்காகவே அவளை எனக்கு அதிகம் பிடிக்கிறது.

அதே வருஷம் நவம்பரில் எங்கள் முறை. 11ஆம் தேதி ராத்திரி ஆரம்பித்த காற்று, 12ஆம் தேதி விடிகாலை நாகப்பட்டினத்துக்குத் தெற்கே புயலாகக் கரையேறியது. ஓடு பறக்கிற சத்தம் முதலில் கேட்டது, பிறகு எந்தச் சத்தமும் பிரித்துக் கேட்கவில்லை. ஆயா எங்களை நெல் குதிருக்குப் பின்னால் உட்கார வைத்து ஜெபமாலை சொல்லிக்கொண்டே இருந்தாள். விடிந்து பார்த்தால் கொல்லை முருங்கை வேரோடு கிணற்றின் மேல் கிடந்தது. கடலோரக் குப்பங்களில் குடிசை இருந்த இடத்தில் அடுப்புக் கல் மட்டும். ஒரு வாரத்தில் ஆந்திராவை இன்னும் பெரிய புயல் அடித்தது. பத்திரிகைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன.

தாத்தா தந்தி கொடுத்தார், எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று.

பதில் வந்தபோது ஜனவரி. உறை வழக்கத்தைவிடக் கனம். அத்தை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து நின்று, என் ஊரில் புயல் என்று சொன்னாளாம், அவ்வளவுதான். உதவி கேட்கவில்லை. சாயங்காலம் தையல் வகுப்புப் பெண்கள் மேசை மேல் காசை வைத்துவிட்டுப் போனார்கள். கரும்பு வெட்டுகிறவர்கள் ஒருநாள் கூலியைக் கொடுத்தார்கள். கீரைக் கிழவி தலையணைக்குள் தைத்து வைத்திருந்த நோட்டைப் பிரித்துக் கொண்டுவந்தாள். காரிக்காலுக்கு என்றாள். பணம் மடத்தின் வழியாகத் தனியாக வந்துசேரும், உறைக்குள் இருப்பது கொடுத்தவர்களின் பெயர் என்று எழுதியிருந்தாள்.

இரண்டு தாள். அறுபத்து மூன்று பெயர். முன்னால் ஒரு புனிதரின் பெயர், பின்னால் ராமசாமி, முத்துசாமி, வீராசாமி என்று நம் பெயர், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நசுங்கி. தாத்தா உச்சரித்துச் சொல்லச் சொல்ல நான் வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஆயா ஒரு தடவை தலை அசைத்தாள், வாசலில் வந்து நிற்கிறவரை வாங்க என்று சொல்கிற மாதிரி.

பணத்தில் எங்கள் வீட்டுக்குச் சல்லிக்காசு எடுக்கக் கூடாது என்றுவிட்டாள், நம்ம கூரை ஓட்டுக் கூரை, பொறுத்துக்கும். கீற்று வாங்கிக் குப்பத்தில் நாலு குடிசை வேய்ந்தார்கள். மீதத்தில் ஒரு குடும்பத்துக்கு வலை. அது மீன்காரி குடும்பம்.

அதற்கப்புறம்தான் என் கை ஒடிந்தது. அறுபத்து மூன்று பேருக்கும் தனித்தனியே நன்றி எழுத வேண்டும் என்றாள் ஆயா. ஒரே கடிதமாக எழுதிவிடலாமே என்றேன். "அவங்க ஒரே ஆளாவா குடுத்தாங்க?" பன்னிரண்டு வயதில் அதற்கு என்னிடம் பதில் இல்லை. நோட்டுத் தாளை நாலாக மடித்துக் கிழித்து, ஒவ்வொன்றிலும் பெயர், கீழே ஆயா சொன்ன வாசகம், கீழே அவளுடைய கைநாட்டு. தாத்தா பிரெஞ்சில் ஒரு வரி சேர்ப்பார். பெருவிரல் மை காயும் முன் அடுத்த தாள். தவக்காலம் முழுவதும் அந்த வேலை ஓடியது.

அத்தை முதல் விடுமுறைக்கு வந்தது 1978 ஆனியில், மாங்கனிக்கு முதல் நாள். ஏழு வருஷம். கறுத்து, இளைத்து, முன்பல் ஒன்று இல்லாமல். ஆயா வாசலிலேயே நின்று அவள் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

எங்களுக்கு அவள் கொண்டுவந்தது வெண்ணிலாக் காய். மெழுகுத்தாளில் சுற்றிய பத்துப் பன்னிரண்டு கறுப்புக் குச்சிகள், காய்ந்த புளியங்காய் மாதிரி சுருங்கி, எண்ணெய் மின்ன. அந்தக் கொடியைத் தீவுக்குக் கொண்டுவந்தும் காய்க்காமல் இருந்ததாம். 1841இல் எத்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், பூவுக்குள்ளிருக்கும் சவ்வைச் சின்னக் குச்சியால் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்தி, காய்க்க வைத்தான். உலகம் முழுக்க இன்றும் அந்தக் கைப்பழக்கம்தான் என்றாள் அத்தை. அவள் விரலால் அபிநயித்துக் காட்ட, தெருப் பிள்ளைகள் நாங்கள் ஊமத்தம்பூவைப் பிரித்துச் செய்து பார்த்தோம். ஆயா ஒரு காயைப் புடவைப் பெட்டியில் போட்டாள். அவள் போன பிறகும் அந்தப் பெட்டியைத் திறந்தால் வாசனை வந்தது.

ஆகஸ்ட் 15 மாதா தேர் முடிந்து இரண்டு நாளில் அத்தை திரும்ப வேண்டும். முதல் நாள் சாயங்காலம் ஆயா என்னைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள், அரசலாறு கடலில் சேர்கிற இடத்துக்கு. முந்தானையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து, குனிந்து, ஈர மணலுக்கும் காய்ந்த மணலுக்கும் நடுவில் ஒரு பிடி அள்ளி நிரப்பினாள். மூடியைத் துணியால் கட்டினாள். "கீரை வைக்கிற அம்மாவுக்கு."

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்கு ஆயாவும் வந்தாள். மெட்ராஸ் பஸ்ஸில் கூட்டம். அத்தை ஏறி, ஜன்னலில் முகம் தெரிந்து, பஸ் திரும்புகிற வரைக்கும் ஆயா கையை ஆட்டவில்லை, நெஞ்சில் வைத்திருந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் நின்றாள்.

"பாப்பா, நோட்டு வச்சிருக்கியா?"

"வீட்டுல இருக்கு ஆயா."

"அப்ப மனசுல வச்சுக்க. ஜன்னல் ஓரத்தை அவளுக்கு விட்டுக் குடுத்துட்டு நின்னாரே அந்த பாய், அவருக்கு. பெட்டியை மேல ஏத்தின பையனுக்கு. அப்புறம்…" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.